ஏழாம் நம்பரை ஏற்றிய நாள்

கோல்ஃப் மைதானத்து வண்டிக் கொட்டகையில் அவளை எல்லோரும் ‘பத்து பன்னெண்டு’ என்றுதான் கூப்பிடுவார்கள். ஒரு முனை பத்து, மறுமுனை பன்னிரண்டு என்று இருக்கும் சின்ன ஸ்பேனர் ஒன்று எப்போதும் அவள் சட்டைப் பையிலிருந்து எட்டிப் பார்த்துக்கொண்டிருக்கும். அதனால் வந்த பெயர். வயது நாற்பத்தெட்டு. உயரம் நான்கு அடி பத்து அங்குலம். அந்த உயரம் அவளுக்கு வசதிதான். வண்டிக்கு அடியில் நுழைய மற்றவர்கள் ஜாக்கி தேடிக்கொண்டிருக்கும்போது அவள் உள்ளே போய்ப் பாதி வேலையை முடித்திருப்பாள்.

கொட்டகையில் இருந்தவை இருபத்துநான்கு பேட்டரி வண்டிகள். ஆட வருகிறவர்கள் ஏறி உட்கார்ந்து, பின்னால் மட்டைப் பையைக் கட்டிக்கொண்டு, புல்தரையில் சத்தமில்லாமல் போய்வருகிற கோல்ஃப் வண்டிகள். பத்தொன்பது வருஷமாக அவற்றின் இருமல், சளி, மூட்டுவலி எல்லாம் அவளுக்கு அத்துப்படி. அவற்றில் ஏழாம் நம்பரைக் கழித்துக் கட்டிவிட்டார்கள். புது வண்டிகள் வரப்போகின்றன, பழையதில் ஆறேழு பழைய இரும்புக்குப் போகும் என்று செய்தி வந்த அன்றே அவள் மேனேஜர் அறைக்குப் போய் நின்றாள்.

“ஏழாம் நம்பர் எனக்கு வேணும் சார்.”

“எதுக்கும்மா? மோட்டார் மட்டுந்தானே உருப்படியா இருக்கு அதுல?”

“மோட்டார் இருந்தா போதும் சார். மத்ததை நான் பாத்துக்கறேன்.”

மேனேஜர் யோசித்துப் பார்த்துவிட்டுச் சரி என்றார். ஒரே ஒரு நிபந்தனை. வாரவிடுமுறை நாளான திங்கட்கிழமை மதியம் பன்னிரண்டு மணிக்குப் பழைய இரும்பு லாரி வரும். அதற்குள் வண்டி வெளியே போயிருக்க வேண்டும். “லாரி வரும்போது கொட்டகையில என்ன இருக்கோ அதெல்லாம் அவங்களுது. அப்புறம் என்கிட்ட வந்து நிக்கக் கூடாது.”

வண்டி அவளுக்காக இல்லை. அவளுடைய அண்ணனுக்காக.

அண்ணன் செடி நர்சரி வைத்திருந்தார். சரிவான ஐந்து ஏக்கர். மேல்பக்கம் வீடு, கீழ்க்கோடியில் கிணறு, நடுவில் வரிசை வரிசையாக நாற்றும் ஒட்டுச்செடியும். இருபத்திரண்டு வருஷம் அந்தச் சரிவில் ஒரு நாளைக்கு நாற்பது தடவை ஏறி இறங்கிய மனிதர். போன வருஷம் ஒரு சிமெண்ட் தொட்டி சரிந்து முழங்காலில் விழுந்தது. உள்ளே கம்பி வைத்துத் தைத்தார்கள். சமதளத்தில் மெதுவாக நடக்கலாம், சரிவில் கூடவே கூடாது என்று டாக்டர் கறாராகச் சொல்லிவிட்டார். அன்றிலிருந்து அண்ணன் வாசல் நாற்காலியில் உட்கார்ந்து, கீழே வேலை செய்கிறவர்களைப் போனில் திட்டுவதையே வேலையாக்கிக்கொண்டார். தன் தோட்டத்தின் கீழ்ப்பாதியைப் பார்த்து ஒரு வருஷமாகிவிட்டது. ஆஸ்பத்திரியில் கொடுத்தனுப்பிய, பிடித்து நடக்கிற நாலுகால் கைத்தாங்கியை அவர் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை. வீட்டுக்குப் பக்கத்தில் நட்டுவைத்துவிட்டார். அதன்மேல் இப்போது அவரைக்கொடி படர்ந்து காய்த்துக்கொண்டிருந்தது.

அப்படிப்பட்டவரிடம் போய் “உனக்கு ஒரு வண்டி கொண்டு வரட்டுமா” என்று கேட்டால் என்ன பதில் வரும் என்று தங்கைக்குத் தெரியாதா? அதனால் கேட்கவில்லை.

ஆனால் கொண்டுபோயே தீருவது என்பதில் அவள் ஒற்றைக் காலில் நின்றாள். பதினாறு வயதில் அவள் மோட்டார் மெக்கானிக் படிப்புக்குப் போகிறேன் என்றபோது வீட்டில் அப்பா தையல் மெஷினைக் காட்டினார். விண்ணப்பத்தில் கையெழுத்துப் போட்டது அண்ணன்தான். முப்பத்தாறு பையன்களுக்கு நடுவே ஒரே பெண். முதல் பதினோரு நாள் அண்ணன் தன் வேலையை விட்டுவிட்டுப் பட்டறைக் கதவுக்கு வெளியே ஒரு கல்லின்மேல் உட்கார்ந்திருந்தார். உள்ளே வரவும் இல்லை, ஒருவரிடமும் எதுவும் சொல்லவும் இல்லை. பன்னிரண்டாம் நாள், “இனிமே நீ பாத்துக்குவ” என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். அதைப்பற்றி அவர் பிறகு ஒரு வார்த்தை பேசியதில்லை. அவளும் பேசியதில்லை.

வண்டியைக் கொண்டுபோக, நர்சரியில் தொட்டி ஏற்றுகிற சின்ன பிக்கப் லாரி வேண்டும். பிக்கப்பை இப்போது ஓட்டுவது அண்ணி. கணவர் படுத்த பிறகு, ஐம்பது வயதில் ஓட்டக் கற்றுக்கொண்டவள். ஸ்டியரிங்கை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்து, கண்ணாடிக்கு மூக்கை ஒட்டிவைத்துக்கொண்டு, மணிக்கு இருபதில் போவாள். பின்னால் வருகிறவர்கள் என்ன சொல்லித் திட்டினாலும் காதில் போட்டுக்கொள்ள மாட்டாள்.

நாத்தனாருக்கும் அண்ணிக்கும் சண்டை என்று சொல்ல முடியாது. பேச்சுவார்த்தை இருந்தது. “சாப்பிட்டியா”, “ஆச்சு அண்ணி” என்கிற அளவுக்கு. பதினேழு வருஷத்துக்கு முன்னால், கட்டிக்கொடுத்த வீட்டில் இருக்கப் பிடிக்காமல் அவள் ஒரு பெட்டியோடு அண்ணன் வீட்டுக்கு வந்தாள். மூன்றாம் நாள் சமையலறையில், “எத்தனை நாளைக்காம்?” என்று அண்ணி அண்ணனிடம் கேட்டது சுவருக்கு இந்தப் பக்கம் கேட்டுவிட்டது. அந்த வாரமே கொட்டகைக்குப் பக்கத்தில் ஒற்றை அறை பார்த்துக்கொண்டு போய்விட்டாள். அதற்குப்பின் இரண்டு பேரும் முகம் கொடுத்துப் பேசிக்கொண்டது குறைவு.

இந்த விஷயத்தில் மட்டும் அண்ணியிடம் போன் செய்து சொன்னாள். அண்ணி முதலில், “அவர் ஒத்துக்க மாட்டாரு” என்றாள். அப்புறம், “எத்தனை மணிக்கு வரணும் பாப்பா?” என்று கேட்டாள்.

கல்யாணமாகி வந்த புதிதில் கூப்பிட ஆரம்பித்த ‘பாப்பா’. நாத்தனாருக்கு முடி நரைத்த பிறகும் மாறவில்லை.

இரண்டு நாள் முன்னதாகவே பிக்கப்பை வரவழைத்து, சேற்றில் சிக்கிய வண்டிகளை இழுக்கக் கொட்டகையில் வைத்திருந்த வின்ச்சை, சொல்லிவிட்டு வாங்கி, பிக்கப்பின் தளத்தில் முன்பக்கமாக நான்கு போல்ட் போட்டு இறுக்கியிருந்தாள். பிக்கப் பேட்டரியில் ஓடுகிற வின்ச். பொத்தானை அமுக்கினால் உருளை சுழன்று கம்பிக் கயிற்றைச் சுருட்டி இழுக்கும்.

“வண்டியில ஓட்டை போட்டுட்டியே. அவர் பாத்துக் கேட்டா என்ன சொல்றது?”

“மழைத்தண்ணி வடியறதுக்குன்னு சொல்லுங்க.”

அண்ணிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்ததைக் காட்டிக்கொள்ளாமல் ஹாரனைத் துடைத்தாள்.

திங்கட்கிழமை காலை ஒன்பது மணிக்குப் புல்வெட்டும் ஆட்கள் நான்கு பேர் வந்து கைகொடுப்பதாகப் பேச்சு. எட்டே முக்காலுக்கு மைதானத்தின் அடுத்த கோடியில் தண்ணீர்க் குழாய் வெடித்தது. நான்கு பேரும் மண்வெட்டியோடு அங்கே ஓடிவிட்டார்கள். அவளையும் பிக்கப்போடு வந்திருந்த அண்ணியையும் விட்டால் கொட்டகையில் மிஞ்சியது, முதுகெலும்பில் தட்டு விலகி இடுப்புப் பட்டை கட்டியிருந்த சூப்பர்வைசர் மட்டும்.

“அவங்க எப்ப வருவாங்களோ தெரியாது. கிரேனுக்குச் சொல்லி அடுத்த வாரம் பாத்துக்கலாமே” என்றார் அவர்.

“அடுத்த வாரம் வண்டி இருக்காது சார்.”

“ரெண்டு பொம்பளைங்களா என்ன பண்ணுவீங்க?”

“இழுக்கப் போறது வின்ச் சார். அதுக்கு ஆம்பளை பொம்பளை தெரியாது.”

அவள் வேலையில் இறங்கினாள். முதலில் வண்டியின் எடையைக் குறைக்க வேண்டும். இருக்கையைத் தூக்கிவிட்டு, செத்துப்போன ஆறு பேட்டரிகளையும் ஒவ்வொன்றாக வெளியே எடுத்தாள். ஒவ்வொன்றும் ஒரு சாக்கு உரம் கனம். அண்ணி ஒரு பக்கம், அவள் ஒரு பக்கம். கூரையை நான்கு போல்ட் கழற்றித் தனியே எடுத்து வைத்தாள். கொட்டகைக்குப் பின்னால் இருந்த மண்மேட்டுக்கு வால்பக்கம் வரும்படி பிக்கப்பை நிறுத்தச் சொன்னாள். மேட்டிலிருந்து ஏற்றினால் ஏற்றம் பாதியாகும். அண்ணி ஏழு தடவை முன்னும் பின்னும் போய்ச் சரியாக நிறுத்தினாள். இரண்டு நீள இரும்புப் பலகைகளைத் தளத்தின் விளிம்பில் சாய்த்தாயிற்று. இழுவையில் பிக்கப் பின்னால் வந்துவிடாமல் அதன் சக்கரங்களுக்குப் பின்புறம் கட்டை வைத்து அடை கொடுத்தாயிற்று. கோல்ஃப் வண்டியின் ஸ்டியரிங்கை நேராக வைத்துக் கயிற்றால் கட்டினாள். கொக்கியை முன்சட்டத்தில் மாட்டினாள். கயிற்றின்மேல் ஒரு நனைத்த சாக்கைப் போட்டாள்.

“இது எதுக்கு?”

“கம்பி அறுந்தா பாம்பு மாதிரி வீசும் அண்ணி. சாக்கு இருந்தா கீழ விழுந்துடும். எது நடந்தாலும் கயித்துக்கு நேரா மட்டும் நிக்காதீங்க.”

அண்ணி சட்டென்று விலகி நின்றாள். வெளியே நிற்பதைவிட பிக்கப்புக்குள் இருப்பது மேல் என்று ஏறி உட்கார்ந்துகொண்டாள். என்ஜினை ஓடவிட்டு பிரேக்கை மிதித்துக்கொண்டிரு என்பது அவளுக்குக் கொடுத்த வேலை.

பொத்தானை அமுக்கியதும் வின்ச் முனகிக்கொண்டு இழுத்தது. ஏழாம் நம்பரின் முன்சக்கரங்கள் பலகையில் ஏறின. ஒரு முழம். இரண்டு முழம். பாதிப் பலகை ஏறியிருக்கும். கருகல் வாசனை லேசாக மூக்கில் ஏறியது. நிறுத்தி ஆறவிடலாம் என்று அவள் நினைத்துக்கொண்டிருக்கும்போதே பிக்கப் முன்பக்கம் ஒரு எகிறு எகிறி, என்ஜின் அணைந்தது.

நடந்தது இதுதான். கியரில் இருந்தால் இன்னும் பத்திரம் என்று அண்ணி தானாக நினைத்து, கியர் போட்டு கிளட்சையும் சேர்த்து மிதித்து வைத்திருந்தாள். கால் மரத்துப்போய் கிளட்ச் நழுவ, பதற்றத்தில் பிரேக்கிலிருந்த காலும் எடுபட்டுவிட்டது. பின்னால் போகாமல் அடை கொடுத்திருந்த வண்டி முன்னால் போகும் என்று யாரும் நினைக்கவில்லை. ஒரு சாண்தான் நகர்ந்தது. ஆனால் இடதுபக்கப் பலகை விளிம்பிலிருந்து வழுக்கி, இரண்டு விரல்கடை பிடிப்பில் தொங்கியது. அதன்மேல் கோல்ஃப் வண்டியின் இடதுசக்கரம்.

“இறங்காதீங்க அண்ணி. ஹாண்ட் பிரேக் போடுங்க. கியரை எடுங்க. சாவியைத் திருப்பாதீங்க.”

அவள் குரல் உயரவில்லை. கொட்டகைச் சுவரோரம் கிடந்த மரக்கட்டைகளை இழுத்து வந்து அந்தப் பலகையின் தலைமாட்டுக்கு அடியில் ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கி முட்டுக்கொடுத்தாள். விழுந்தாலும் கட்டையின்மேல்தான் விழும். பிறகு கோல்ஃப் வண்டியின் பின்சக்கரங்களுக்கும், பிக்கப்பின் முன்சக்கரங்களுக்கும் அடை. எல்லாம் முடிந்த பிறகுதான் நெற்றியைத் துடைத்தாள்.

சூப்பர்வைசர் இடுப்பைப் பிடித்துக்கொண்டு வந்துவிட்டார். “நான் அப்பவே சொன்னேன். விடும்மா. ஒரு பழைய வண்டிக்காக யாராவது கையைக் காலை உடைச்சுக்குவாங்களா?”

அண்ணி இறங்கி வந்தாள். முகம் வெளுத்திருந்தது. “தப்பு என்னுது. நான்தான் கியரைப் போட்டேன்.”

“சரி அண்ணி.”

“இப்ப என்ன பண்றது?”

“கீழ இறக்கணும்.”

“அவ்வளவுதானா?”

“இறக்கிட்டு மறுபடி ஏத்தணும்.”

மணி பத்தே முக்கால். பின்சக்கரக் கட்டைகளைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தள்ளிவைத்து, வின்ச்சைத் தளர்த்தித் தளர்த்தி, ஏற்றியதையெல்லாம் அங்குலம் அங்குலமாக இறக்கினாள். ஏற்ற எடுத்த நேரத்தைவிட இறக்க இரண்டு மடங்கு ஆனது. வின்ச் மோட்டாரைத் தொட்டுப் பார்த்தாள். விரல் வைக்க முடியவில்லை. கால்மணி நேரமாவது ஆற வேண்டும். அந்த நேரத்தில் இரண்டு பலகையையும் சங்கிலி போட்டுத் தளத்தோடு சேர்த்துக் கட்டினாள். கொட்டகைக்குள் போய் ஒரு கனத்த கப்பியைத் தூக்கிக்கொண்டு வந்தாள். கயிற்றைக் கோல்ஃப் வண்டியில் மாட்டிய கப்பி வழியாகத் திருப்பிக் கொண்டுவந்து, முனையைப் பிக்கப் தளத்திலேயே மாட்டினால் வின்ச்சுக்குப் பாரம் பாதியாகிவிடும். இழுப்பதும் பாதி வேகத்தில்தான். முதலிலேயே இதைச் செய்திருக்க வேண்டும், அவசரப்பட்டுவிட்டோம் என்று தன்னையே திட்டிக்கொண்டாள்.

மோட்டார் ஆறும்வரை இருவரும் மண்மேட்டில் உட்கார்ந்திருந்தார்கள். அண்ணி பாட்டிலைத் திறந்து தண்ணீர் கொடுத்தாள். அவள் பாதி குடித்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தாள்.

“பாப்பா. அன்னிக்கு நான் அவர்கிட்ட கேட்டது உனக்குக் கேட்டிருச்சு இல்ல?”

என்றைக்கு, எது என்று அவள் கேட்கவில்லை. “கேட்டுச்சு.”

“வீட்ல ரெண்டு ரூம். ரெண்டு பசங்க. நான் பயந்துட்டேன். அப்படிக் கேட்டிருக்கக் கூடாது. மறுநாளே சொல்லணும்னு நெனச்சேன். அதுக்குள்ள நீ ரூம் பாத்துட்ட. அப்புறம் வருஷம் போயிருச்சு.”

அவள் ஒரு புல்லைக் கிள்ளிக்கொண்டிருந்தாள். கோபம் இல்லை என்று சொன்னால் பொய். இத்தனை வருஷமும் அந்த இரண்டு வார்த்தையை அவள் தேய்த்துத் தேய்த்துப் பளபளப்பாக வைத்திருந்தாள். ஆனால் சற்றுமுன் ‘தப்பு என்னுது’ என்று யாரும் கேட்காமலே வந்து நின்றவளும் இவள்தான்.

“ரூம் எனக்குப் பிடிச்சிருந்துச்சு அண்ணி” என்றாள் கடைசியில். “வருத்தம் இருந்துச்சு. இருந்துச்சுதான். சொன்னீங்களே, போதும்.” எழுந்து பின்புறத்து மண்ணைத் தட்டினாள். “இந்தத் தடவை நீங்க பொத்தான் பிடிங்க.”

“நானா? ஒரு தடவை பண்ணினது போதாதா?”

“ஸ்டியரிங்கை இந்தத் தடவை கட்டாம, நான் பக்கத்துல நடந்துக்கிட்டே பிடிக்கணும். சக்கரத்தைப் பாக்கணும். நான் ‘இழு’ன்னா அமுக்குங்க. ‘விடு’ன்னா கையை எடுங்க. நடுவுல நீங்களா எதுவும் யோசிக்காதீங்க.”

“யோசிக்க மாட்டேன்” என்றாள் அண்ணி, சத்தியம் செய்வதுபோல.

என்ஜின் ஓடியது. கியர் நடுவில், ஹாண்ட் பிரேக் மேலே, நான்கு சக்கரத்துக்கும் முன்னும் பின்னும் கட்டை. அண்ணி கயிற்றுக்கு எட்டாத தூரத்தில் பக்கவாட்டில் நின்று, வின்ச்சின் பொத்தான் பெட்டியை இரண்டு கையாலும் பிடித்திருந்தாள்.

“இழு.”

வின்ச் இந்தமுறை முனகவில்லை, சீராக உறுமியது. முன்சக்கரம் பலகையில் ஏறியது.

“விடு.” ஸ்டியரிங்கை ஒரு விரல் அளவு திருப்பினாள். “இழு.”

அண்ணியின் உதடுகள் கூடவே அசைந்தன. இழு, விடு, இழு, விடு. பாதிப் பலகை தாண்டியது. முன்னர் நின்ற இடம் தாண்டியது. முன்சக்கரங்கள் தளத்தில் கால் வைத்தன. பின்சக்கரங்கள் பலகைக்கு வந்தன. பாரமெல்லாம் அந்தச் சக்கரங்களில்தான். பலகை வில்லாக வளைந்தது.

அந்த நேரம் பார்த்து வாசல் பக்கம் ஹாரன் சத்தம். பழைய இரும்பு லாரி பத்து நிமிஷம் முன்னதாகவே வந்துவிட்டது. லாரிக்காரர் ஒரு தாளை ஆட்டிக்கொண்டே வந்தார். “ஏழு உருப்படின்னு எழுதியிருக்கு. அதுவும் ஒண்ணு இல்லையா?”

அண்ணி பொத்தானிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. “குறுக்க வராதீங்க. கயிறு இருக்கு” என்றாள். அவள் குரலா அது என்று நாத்தனாருக்கே ஒரு கணம் சந்தேகம் வந்தது.

சூப்பர்வைசர் மெதுவாக நடந்துபோய் லாரிக்காரரின் தாளை வாங்கினார். சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்து ஒரு கோடு இழுத்தார். “ஆறுதான். ஏழாம் நம்பர் கொட்டகையில இல்ல பாருங்க. வண்டியில இருக்கு.”

“முழுசா ஏறலையே.”

“ஏறிடும்” என்றார் சூப்பர்வைசர்.

“இழு” என்றாள் அவள். பின்சக்கரங்கள் விளிம்பைத் தாண்டித் தளத்தில் ‘தொப்’ என்று இறங்கின. “விடு.”

அண்ணி கையை எடுத்தாள். பெட்டியைப் பிடித்திருந்த விரல்களை ஒவ்வொன்றாகத்தான் பிரிக்க முடிந்தது.

பட்டைகளால் நான்கு மூலையும் கட்டினார்கள். எந்த வண்டி கிடைக்கும் என்று தெரியாமலே எட்டு மாதமாக, மற்ற வண்டிகளிலிருந்து கழித்ததில் உயிருள்ளதாகப் பார்த்துப் பொறுக்கி, கேட்டு வாங்கி, சார்ஜ் போட்டு வைத்திருந்த ஆறு பேட்டரிகளையும், கழற்றிய கூரையையும் ஏற்றினார்கள். சரியாகப் பன்னிரண்டு மணிக்கு பிக்கப் வாசலைத் தாண்டியது. மணிக்கு இருபதில்.

நர்சரியில் தொட்டிகளை ஏற்றி இறக்கக் கட்டிய மேடை பிக்கப் தளத்தின் உயரத்துக்கே இருந்தது. வண்டி அலுங்காமல் உருண்டு இறங்கியது. அண்ணன் நாற்காலியிலிருந்து எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தார். பேட்டரிகளைப் பூட்டி, கூரையை மாட்டி, அவள் அரைவட்டம் ஓட்டி வந்து வாசலில் நிறுத்தும்வரை நாற்காலியை விட்டு அசையவில்லை.

“நான் கேட்டேனா?” என்றார்.

“இல்ல.”

“என்னைப் பாத்தா தூக்கிட்டுப் போக வேண்டிய ஆளு மாதிரி தெரியுதா?”

தங்கை பதில் தேடுவதற்குள் அண்ணி முந்திக்கொண்டாள். “உங்களுக்குன்னு யார் சொன்னா? எனக்கு வந்திருக்கு. தொட்டி தூக்கித் தூக்கி என் இடுப்பு போச்சு.” சொல்லிவிட்டு ஏறி உட்கார்ந்து, நான்கு தொட்டியைப் பின்னால் வைத்து, சரிவில் இறங்கிப் போயே விட்டாள்.

ஒன்பது நாள் அண்ணி ஓட்டினாள். தொட்டி, உரம், மண், ஆட்களுக்குத் தண்ணீர். ஒவ்வொரு தடவையும் வாசல் வழியாகத்தான் போனாள். அண்ணன் பேப்பரைப் பார்ப்பதுபோல அதையே பார்த்துக்கொண்டிருந்தார் என்று போனில் சொன்னாள். இப்போதெல்லாம் தினமும் போன் வந்தது.

பத்தாம் நாள் காலை கொட்டகையில் ஒரு வண்டிக்கு அடியில் அவள் படுத்திருந்தபோது போன் அடித்தது. அண்ணன்.

“என்ன வண்டி கொடுத்திருக்க நீ? இடது பக்கம் இழுக்குது. இப்பத்தான் ரோஜாப் பாத்தியில ஏறப் பாத்துச்சு.”

அவள் ஸ்பேனரைக் கீழே வைத்துவிட்டு, “எங்க இருக்க?” என்றாள்.

“கிணத்தடியில. கீழ ஒரு வரிசை பூரா தண்ணி பாயவே இல்ல. ஒரு வருஷமா எல்லாரும் எங்கிட்ட பொய் சொல்லியிருக்கானுங்க.” திட்டுகிற குரல்தான். ஆனால் அதில் ஒரு தெம்பு இருந்தது. “நீ எப்ப வந்து பாக்குற?”

“திங்கட்கிழமை வரேன்.”

“சாப்பாட்டுக்கு வந்துடு. ராத்திரி இங்கேயே இருந்துட்டுப் போன்னு உங்க அண்ணி சொல்றா.”

போனை வைத்துவிட்டு அவள் சிறிது நேரம் அப்படியே வண்டிக்கு அடியில் படுத்திருந்தாள். சூப்பர்வைசர் குனிய முடியாமல் நின்றபடியே, “என்னம்மா, தூங்கிட்டியா?” என்று கேட்டார்.

“இல்ல சார். திங்கட்கிழமை வீல் அலைன்மெண்ட் பாக்குற கம்பி எனக்கு வேணும். எடுத்துட்டுப் போகட்டுமா?”